சத்தத்தைக் கழற்றி மாட்டிய கதை

எங்கள் எஸ்டேட் ஒர்க் ஷாப்புக்குச் சமீபத்தில் ஒரு பேட்டரி வேன் வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் என்னால் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடிவதில்லை. போனால் டீ கிடைக்கும். எனக்குப் பிறகு வந்த ஸ்டோர் கீப்பர் எந்தப் பொருளை எந்த அலமாரிக்கு மாற்றி ஒர்க் ஷாப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் பார்த்துவிட்டு வரலாம். அப்படிப் போனபோதுதான் மெக்கானிக் தம்பிகள் என்னை அந்த வேனுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள்.

"புஷ்பக்கா, இந்த வண்டிக்கு எஞ்சினே கிடையாது, அதனால சத்தமும் கிடையாது. ரோட்டுல போற ஆளு மேல சத்தமில்லாம மோதிடக் கூடாதுல்ல? அதுக்காக ஸ்பீக்கர் வச்சு, பொய்யா ஒரு சத்தத்த ஏத்தி அனுப்பிருக்காங்க. இந்தக் கூத்த எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்" என்றேன். "நம்ம சவரிமுத்து அண்ணாச்சி ஸ்பீக்கர் இல்லாமலே பண்ணாரு. ஒரு மாட்டுக்காக."

தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு வயசாகிவிட்டது, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்கிற பார்வை அது. எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி அந்த ஒர்க் ஷாப் சுவரில் ஒட்டுவது என்று முடிவு செய்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மரியபுஷ்பம். மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவில் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஒர்க் ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பத்தாவது முடித்த கையோடு சேர்ந்த வேலை. ஆரம்பத்தில் நட்டு எது, போல்ட்டு எது என்று தெரியாமல் திணறியதும், தெரிந்த பிறகு வீட்டில் இட்லிக் கொப்பரையின் மூடியைக்கூட சைஸ் சொல்லிக் கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியதும் பெரிய விஷயமில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

பெரிய விஷயம், பாகம் தேடுவது. பழைய வண்டிக்குப் பாகம் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். கடையில் போய்த் தேடுவார்கள். கடையில் இருந்தால் அது எதற்குப் பழைய வண்டி? என் கணக்கு வேறு. பாகத்துக்கும் ரிட்டையர்மெண்ட் உண்டு. ரிட்டையரான பாகம் சும்மா இருக்காது, எங்கேயாவது போய் வேறு வேலையில் சேர்ந்திருக்கும். ஆகவே அது எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அதற்கு இப்போது என்ன வேலை கிடைத்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஒரு பழைய ஜீப்பின் ஹெட்லைட் வளையத்தை மறையூரில் சலூன் கண்ணாடியின் சட்டமாகக் கண்டுபிடித்தேன். இன்னொரு ஜீப்பின் ஜாக்கி, வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் சாய்ந்த தூண் ஒன்றைத் தாங்கிக்கொண்டு நின்றது. சலூன்காரருக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். தூணுக்குத் தூண் நட்டுக் கொடுத்தோம்.

இனி என் மேலதிகாரி. ஃபோர்மேன் சவரிமுத்து அண்ணாச்சி. குள்ளமான ஆள், பெரிய காது. வண்டியை அவர் காதால்தான் பார்ப்பார். ஒர்க் ஷாப்புக்கு யார் வந்தாலும் ஒரு மர முக்காலியைப் போட்டு உட்கார வைத்து, "வாங்க, சத்தத்தப் போடுங்க" என்பார். வண்டியில் என்ன சத்தம் வருகிறதோ அதை வண்டிக்காரர் தன் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். அது முடியாமல் பானெட்டைத் திறக்க மாட்டார். "என்னமோ ஒரு மாதிரி சத்தம் வருது" என்று சொன்னால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதுதான் அவருடைய கோபம்.

யாரும் தப்ப முடியாது. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கைக்குட்டைக்குள் "ர்ர்ர்" என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். மானேஜர் துரை போனில் போட்ட சத்தத்தைக் கேட்டு, துரைக்கு வலிப்பு வந்துவிட்டது என்று ஆபீஸ் பியூன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடியதும் உண்டு.

சத்தம் கேட்ட பிறகு அண்ணாச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு முறை சுற்றி வருவார். கை பின்னால் இருப்பதற்குக் காரணம், முன்னால் இருந்தால் அது எதையாவது தொட்டுவிடும். அப்புறம் ஒரு நீளமான வேங்கைக் கம்பு. ஒரு முனை வண்டியில், மறு முனை காதில். கடைசியாகத்தான் ஸ்பேனர். "சத்தத்தோட வந்த வண்டி நம்ம கேட்டத் தாண்டும்போது சத்தத்தோட போகக் கூடாது" என்பது அவருடைய வேதவாக்கு. ஓய்வு பெறும்வரை அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. லூர்து சாரின் கார் வந்தது அவருடைய கடைசி மாதத்தில்.

லூர்து சார் எஸ்டேட் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். அவருடைய கார், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை அவருடைய அப்பாவுக்கு விட்டுப்போனது. பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். அதைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. சார் மட்டும் மூடவில்லை. தினமும் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு மாட்டுப்பட்டி வரைக்கும் போய் வருவார். எதற்குப் போகிறார் என்று கேட்டால், வண்டி போகிறது, நான் கூடப் போகிறேன் என்பார்.

அவருடைய மனைவி ஸ்டெல்லா டீச்சருக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகாது. காரின் இடது முன்சக்கரத்திலிருந்து காலம் காலமாக ஒரு கீச்சுச் சத்தம் வரும். "இந்தச் சனியன் ரெண்டு மலைக்கு அந்தாண்ட வரும்போதே என் காத அறுக்குது" என்று கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்வார். கணக்கு டீச்சர். அவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு விடை ஒன்றுதான்.

அந்த வருஷம் மறையூரில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் காரில் கிளம்பியிருக்கிறார்கள். பாதி மலை இறங்கியதும் இடது சக்கரம் ஆட ஆரம்பித்து, கார் ஒரு வளைவில் நின்றுவிட்டது. பின்னால் வந்தது வெல்லம் ஏற்றப் போகிற லாரி. ஏற்கெனவே பாதி லோடு ஏற்றியிருந்தது. பட்டுப் புடவையோடு டீச்சர் அதில் ஏறி, வெல்ல மூட்டை மேல் உட்கார்ந்துதான் கல்யாணத்துக்குப் போனார். தாலி கட்டும் நேரத்தில் டீச்சரின் முந்தானையிலிருந்து எறும்புகள் புறப்பட்டுப் பெண்ணின் பெரியம்மாவைக் கடித்திருக்கின்றன. இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூணாறில் ஒரு ரிசார்ட்காரர் ரொம்ப நாளாக அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். காரைக் குறுக்கே வெட்டி, முன்பாதியைத் தன் ஹோட்டல் வரவேற்பு மேசையாக வைத்து, பின்பாதியில் செடி வளர்க்க அவருக்கு ஆசை. எங்கள் கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அந்த மந்திரிப்புக்குக் கார் யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல் சொந்தக் காலில் கோயில் மேடு ஏறி வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே ரிசார்ட்காரருக்கு. சாரும் சரி என்று சொல்லிவிட்டார். எறும்பு விஷயத்துக்குப் பிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

காரை ஒரு பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களிடம் சேர்த்தார் சார். மானேஜர் துரை அவரிடம் படித்தவர், அதனால் வெளி வண்டியானாலும் அனுமதி கொடுத்துவிட்டார். அண்ணாச்சி முக்காலியைப் போட்டார்.

"வாங்க சார், உக்காருங்க. சத்தத்தப் போடுங்க."

"ரெண்டு சத்தம் இருக்கு சவரிமுத்து. ஒன்னு பழசு. கீ…ச் ங்கு. கீ…ச் ங்கு. அது எங்கப்பா காலத்துலேருந்து உள்ளது. அது கெடக்கட்டும். புதுசுதான் மோசம். கொடகொடகொட டங்!"

"அந்த டங்கு எந்த வளைவுல வருது? வலதா, இடதா?"

"வலது."

"ரெண்டையும் போடுங்க சார். அப்பத்தான் எனக்குப் பிடி கெடைக்கும்."

சார் எழுந்து நின்று, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்து, வலது பக்கம் சாய்ந்து ஒரு டங், இடது பக்கம் சாய்ந்து ஒரு கொடகொட. அண்ணாச்சி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "பழைய சத்தத்தையும் சேத்து எடுத்துருவோம்" என்றார். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கம்பை வைத்துக் கேட்டார். பிறகு கழற்றினார். சக்கரத்தைத் தாங்குகிற ஹப், அதாவது பேரிங் உட்காருகிற அந்த வார்ப்பிரும்புக் கிண்ணம், விரிசல் விட்டிருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. ஹப்புக்குப் பின்னால் தூசி போகாமல் இருக்க ஒரு தகரத் தட்டு உண்டு. அதன் விளிம்பு ஒரு இடத்தில் வளைந்து ஹப்பில் உரசிக்கொண்டிருந்தது. அதுதான் அந்தப் பிறவிக் கீச்சு.

"பேரிங் நம்பரச் சொன்னா கோயம்புத்தூர்ல கிடைக்கும். ஹப்பு கிடைக்காது. வெல்டிங் வச்சா அடுத்த வளைவுல சக்கரம் தனியா மறையூருக்குப் போயிரும்" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்தார். "ஏ புஷ்பம், இது உன் டிபார்ட்மெண்டு."

முதலில் பழைய கார்க்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஹப் இருக்கிறதா என்று கேட்டால், ஆளாளுக்குத் தங்கள் கார் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பினார்கள். ஒருவர் தினமும் காலை வணக்கம் மட்டும் அனுப்பினார். கோயம்புத்தூர் லேத் பட்டறை ஒன்றில் விசாரித்தேன். அச்சு செய்து, வார்த்து, கடைந்து தருகிறோம், திருவிழா முடிந்து வாங்க என்றார்கள். உக்கடத்தில் பழைய சாமான் கடைக்காரர் டிராக்டர் ஹப் ஒன்றைக் காட்டி, கொஞ்சம் தட்டினால் பொருந்தும் என்று சத்தியம் செய்தார். காரைத் தட்டினால்தான் அதற்குப் பொருந்தும் என்றேன். அவருக்கு என் பேச்சு பிடித்துப்போய், மீனாட்சிபுரத்தில் ஒரு தென்னந்தோப்பில் இதே ரகக் கார் ஒன்று கிடந்ததாகச் சொன்னார்.

நானும் அண்ணாச்சியும் லூர்து சாரும் மீனாட்சிபுரத்துக்குப் போனோம். தோப்பில் கார் இருந்தது. கூரையும் கதவும் இருந்தன. உள்ளே கோழிகள் அடை காத்துக்கொண்டிருந்தன. சக்கரம் நான்கும் இல்லை, அச்சும் இல்லை. யாரோ எப்போதோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். யார் என்று தோப்புக்காரருக்கு நினைவில்லை.

ரோட்டோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "வரவேற்பு மேசையா இருந்தாலும் நனையாம இருக்கும்ல?" என்று என்னிடம் கேட்டார். எல்லோருக்கும் அது பழைய இரும்பு. இந்த மனிதருக்கு அது சாயங்காலம்.

அப்போது ரோட்டில் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கீ…ச் ங்கு. கீ…ச் ங்கு. கீச்சின் கடைசியில் அந்தச் சின்ன விக்கல்கூட அப்படியே.

சார் டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "என் வண்டி!" என்று கத்தினார். வளைவைத் திரும்பி வந்தது ஒரு மாட்டு வண்டி. ஒற்றைக் காளை, பின்னால் பால் கேன்கள். டயர் போட்ட வண்டி. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், ஓடுகிற வண்டியின் அடியில் குனிந்து பார்த்தபடியே கூட நடந்தார். "புஷ்பம்! ஹப்பு! நம்ம ஹப்பு!" ரிட்டையரான பாகம் பால் வண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. நான் சொன்ன கணக்கு சரிதானே?

வண்டிக்காரர் பெயர் நாச்சிமுத்து. வேட்டியோடு ஒருவர் தன் வண்டிக்கு அடியில் நுழைவதைப் பார்த்துப் பதறாமல், "ஏனுங்க, ஏதாச்சும் உழுந்துருச்சுங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். தோப்புக் காரின் முன் அச்சை ஹப்பு, தகரத் தட்டு எல்லாவற்றோடும் வாங்கி வண்டி செய்தது அவருடைய அப்பா என்றார்.

"எடுத்துக்கோங்க, அதுக்கென்னங்க. இதே அளவுல வேற அச்சு கொண்டாந்து மாட்டிக் கொடுத்துட்டு எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணுங்க. அன்னிக்குச் சாயங்காலம் என்ற மயிலை நடக்கோணும். பால் சொசைட்டிக்குப் போகோணும். நேரம் தப்பிச்சுன்னா சொசைட்டிக்காரன் கேனைத் தொட மாட்டான். நடக்கலீன்னா மறுக்கா பழைய அச்சையே மாட்டிருங்க."

மயிலை என்பது காளை. அண்ணாச்சி சிரித்தார். "நான் மாட்டுற அச்சுல மாடு நடக்காது, பறக்கும்" என்றார். அந்த ஆணவத்துக்குத்தான் மயிலை பதில் வைத்திருந்தது.

எஸ்டேட்டில் கழித்துப்போட்ட ஒரு டிரெய்லரின் அச்சை எடுத்து, அண்ணாச்சி புது பேரிங் போட்டு, புது கிரீஸ் வைத்து, விரலால் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும்படி செய்தார். அதை எஸ்டேட் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மூவரும் மறுபடி மீனாட்சிபுரம் போனோம். மத்தியானத்துக்குள் மாட்டியாகிவிட்டது. சாயங்காலம் பால் கறந்து, மயிலையைப் பூட்டி, நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து "ஹே" என்றார். மயிலை இரண்டு எட்டு வைத்தது. நின்றது. காதை முன்னால் திருப்பியது, பின்னால் திருப்பியது. அப்புறம் கழுத்தைத் திருப்பி வண்டியைப் பார்த்தது. அதன் பிறகு நகரவில்லை.

நாச்சிமுத்து தட்டிக் கொடுத்தார். கெஞ்சினார். புல்லைக் காட்டினார். மயிலை புல்லைத் தின்றது, நடக்கவில்லை. அண்ணாச்சி அச்சைப் பார்த்தார், பிரேக் பிடிக்கவில்லை, எதுவும் இறுகவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நாச்சிமுத்துதான் கண்டுபிடித்தார். "ஏனுங்க, சத்தத்த என்ன பண்ணுனீங்க?"

"எந்தச் சத்தம்?"

"கீச்சுங்க. கன்னுக்குட்டியா இருக்கறப்பலேருந்து அது இந்தச் சத்தத்தோடதானுங்க நடந்துட்டு இருக்குது. சத்தம் வல்லீன்னா வண்டி பின்னால வல்லீன்னு நெனச்சுக்குது. நின்னு பாக்குதுங்க."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். சத்தத்தை எடுப்பதற்கென்றே பிறந்த மனிதரிடம், சத்தத்தைப் போட்டுக் கொடு என்று மாடு கேட்கிறது. துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "அண்ணாச்சி, சாரப் பாருங்க" என்றேன் நான் மெதுவாக, லூர்து சார் பக்கம் கண்ணைக் காட்டி. சார் பால் கேன் பக்கத்தில் தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். மயிலை நடக்காவிட்டால் ஹப் கிடையாது, ஹப் இல்லாவிட்டால் கார் கிடையாது.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தகரம் கொண்டாங்க" என்றார்.

முதலில் ஒரு பெயிண்ட் டப்பா மூடியை வெட்டி அச்சில் கட்டி, ஹப்பில் உரசும்படி வைத்தார். வண்டியைத் தள்ளிப் பார்த்தால் "கர்ர்" என்றது. மயிலை வாலை ஒரு ஆட்டு ஆட்டியது, அவ்வளவுதான். அடுத்து எண்ணெய் டின் தகரம். "வீ…" என்று அலறியது. மயிலை மூத்திரம் பெய்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் தன் வீட்டு மாவு மிஷினைக் கழற்றித் தருவதாகவே சொன்னார். சொசைட்டி மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பழைய தட்டையே குடுத்துருங்க அண்ணாச்சி" என்றேன். மாட்டு வண்டியின் பழைய ஹப்போடு கழன்று வந்த வளைந்த தகரத் தட்டை அவர் மாட்டினார். விளிம்பு ஹப்பைத் தொடும்வரை கையால் நெளித்தார். நாச்சிமுத்துவும் நாங்களும் வண்டியைத் தள்ளினோம். கீ…ச் ங்கு.

மயிலை காதை விறைத்தது. அப்புறம் புறப்பட்டது. நாங்கள் கையை எடுப்பதற்குள், நாச்சிமுத்து ஏறுவதற்குள், ஒரு கேனைக்கூட ஏற்றுவதற்குள் அது ரோட்டைப் பிடித்துவிட்டது. வெறும் வண்டி சொசைட்டியைப் பார்த்துப் போக, நாச்சிமுத்து "ஹோ, ஹோ" என்று பின்னால் ஓட, கேன்களை எங்கள் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நாங்கள் அவர் பின்னால் போனோம். பால் நேரத்துக்குப் போய்விட்டது. மாடு முதலில் போய்ச் சேர்ந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

ஹப் எங்களுக்குக் கிடைத்தது. திரும்பும் வழியெல்லாம் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். உடுமலைப்பேட்டை தாண்டிய பிறகு, "இது மாட்டு வண்டி. நம்ம ஒர்க் ஷாப்புக்குள்ள வந்ததில்ல. நம்ம கேட்டத் தாண்டல. கணக்குல வராது" என்றார். வராது அண்ணாச்சி என்றேன். பாவம், அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

காரில் அந்த ஹப்பை மாட்டியபோது அவர் பிடித்த பிடிவாதம் சொல்லி மாளாது. புதுத் தகரத்தில் புதுத் தட்டு செய்து, விளிம்பை அரம் போட்டு, எங்கும் எதுவும் உரசாமல் வைத்தார். கதவுக் கீல், சீட்டு ஸ்பிரிங், ஜன்னல் கைப்பிடி எல்லாவற்றுக்கும் எண்ணெய். ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் முனகல் தவிர ஒன்றும் இல்லை. லூர்து சார் நன்றி சொன்னார். ஆனால் ஓட்டும்போது தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இடது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் மைதானத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஜீப், ஆட்டோ, பைக், பள்ளி வேன். சாமியார் தீர்த்தச் செம்போடு முதல் வண்டியை ஆரம்பித்திருந்தார். ஸ்டெல்லா டீச்சர் மைதான வாசலில் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் ரிசார்ட்காரர், கையில் அளக்கிற டேப்போடு. நானும் அண்ணாச்சியும் மேட்டுக்கு மேலே.

கார் வந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. மேடேறி, மைதானத்தின் பக்கவாசல் வழியாக டீச்சருக்குப் பின்னால் வந்து நின்றது. டீச்சர் திரும்பவில்லை. இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். ஜெயித்த முகமாக அது தெரியவில்லை.

"ஸ்டெல்லா" என்றார் சார்.

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். காரைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"இது யாரு வண்டி?"

"நம்ம வண்டிதான்."

"நம்ம வண்டின்னா சத்தம் எங்க? நீங்க வந்தது எனக்கு எப்பிடித் தெரியும்? தெனமும் மாட்டுப்பட்டி போய்ட்டு வாறீங்க. ரெண்டாவது வளைவுல கீச்சுன்னு கேட்டா நான் சோத்த வடிப்பேன். மூணாவது வளைவுல கேட்டா அப்பளத்தப் பொரிப்பேன். இது இப்பிடித் திருட்டுத்தனமா வந்து நின்னா நான் என்னத்தப் பொரிக்க? இந்தாங்க ரிசார்ட்காரரே, நீங்க வேணும்னா எடுத்துட்டுப் போங்க. இது எங்க வண்டி இல்ல."

ரிசார்ட்காரர் டேப்பை நீட்டினார். சாருடைய முகம் இருண்டுவிட்டது. சொந்தக் காலில் ஏறி வந்தும் கார் போகப் போகிறது. கஷ்டப்பட்டு ஊர் ஊராகத் தேடி மாட்டியதெல்லாம் ஒரு வரவேற்பு மேசைக்காகவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை.

"புஷ்பம், தகரம்" என்றார்.

தகரத்துக்கு எங்கே போவேன்? கைப்பையில் இருந்தது ஒரு பெப்பர்மிண்ட் டப்பா. ஸ்டோர் சாவிகளை நான் அதில்தான் எப்போதும் வைத்திருப்பேன். சாவிகளைக் கொட்டிவிட்டு மூடியைக் கொடுத்தேன். அண்ணாச்சி புதுச் சட்டையோடு காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, மூடியிலிருந்து வெட்டிய பட்டையை அதில் செருகி, நுனி பிரேக் டிரம்மில் தொடும்படி இறுக்கினார். "உருட்டுங்க" என்றார். உருட்டினோம். "கிர்ர்" என்றது.

டீச்சர் தலையாட்டினார். "இது இல்ல."

இன்னும் கொஞ்சம் வளைத்தார். "கீக்கீ" என்றது. "இதும் இல்ல. இது ஆட்டோ."

காருக்கு அடியிலிருந்து அண்ணாச்சியின் குரல் மட்டும் வந்தது. "டீச்சர், சத்தத்தப் போடுங்க."

மைதானத்தில் எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். எத்தனையோ பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய ஸ்டெல்லா டீச்சர். சுற்றிலும் அவரிடம் அடி வாங்கிய டிரைவர்கள். சாமியார்கூடச் செம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார். டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கண்ணை மூடினார்.

"கீ…ச் ங்கு. கீ…ச் ங்கு. கீ…ச் ங்கு."

அந்த விக்கல்கூடத் தப்பவில்லை. வளைவில் திரும்பும்போது சத்தம் கொஞ்சம் இழுபடும், அதையும் போட்டார். பிறகு மேடு ஏறும்போது மெதுவாவதைப் போட்டார். லூர்து சாரைவிட நன்றாகவே போட்டார். சார் அவரைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றார். "இத்தன வருஷம் இத வைதுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்திருக்கா" என்று என்னிடம் சொன்னார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஒரு கீச்சுச் சத்தத்துக்கு அழுத முதல் ஸ்டோர் கீப்பர் நானாகத்தான் இருப்பேன்.

அடியில் அண்ணாச்சி பட்டையை ஒரு முறை நெளித்தார். "இப்ப உருட்டுங்க."

கீ…ச் ங்கு.

டீச்சர் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாமியார் செம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கொஞ்சம் இருங்க சாமி, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருதோம்" என்றார் டீச்சர். சார் ஓடிப்போய் ஏறினார். அண்ணாச்சி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார், கார் அவர் மேலாகவே நழுவிப் போனது. மேட்டிலிருந்து இறங்கி முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. கீ…ச் ங்கு, கீ…ச் ங்கு என்று அது போய்க்கொண்டே இருந்தது. ரிசார்ட்காரர் டேப்பைச் சுருட்டினார்.

கார் நழுவியபோதே சாமியார் செம்பைச் சாய்த்துவிட்டிருந்தார். கார் நின்ற இடத்தில் கார் இல்லை. தரையில் மல்லாந்து, ஒரு காதை ரோட்டுப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி மேல் தீர்த்தம் முழுவதும் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. கடைசி வளைவு தாண்டிச் சத்தம் தேயும்வரை கேட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றார்.